ஆத்து வாய் தொறந்த நாள்

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சு. எங்கேயோ மலையில பொறந்து, காடு மேடெல்லாம் சுத்தி, வயக்காட்டுக்கெல்லாம் தண்ணி குடுத்துட்டு, கடைசியில அந்த ஊருக்கு வந்துதான் கடல்ல சேரும். சேர்ற எடத்துக்கு ஊர்க்காரங்க வச்ச பேரு ஆத்து வாய். படகெல்லாம் அந்த வாய் வழியாத்தான் கடலுக்குப் போகும், அந்த வாய் வழியாத்தான் திரும்பி வரும். உள்ள வந்துட்டா போதும், ஆறு தொட்டில் மாதிரி. அலை கிடையாது. படகு பாட்டுக்கு ஆடிக்கிட்டு நிக்கும். ஆனா வெளிய கரையில இறங்க முடியாது. அந்த ஊர்க் கரையில அலை குத்திக் குத்தி விழும், படகைக் கவுத்துப் போட்டுரும்.

கேக்குதா? ம் சொல்லணும் ஜன்னத்து. நீ ம் சொல்லலைன்னா பெரியும்மா யாருக்குச் சொல்றது?

ம்.

சரி. அந்த ஊர்ல ஒருத்தி இருந்தா, பேரு ராவியத்து. கிழிஞ்ச வலையைப் பொத்திக் குடுக்குறது அவ வேலை. அவ மாப்பிள்ளை கலந்தர் மீரான் படகுல மீனுக்குப் போறவரு. வீட்டுல அவரோட உம்மா, நடக்க முடியாத மாமி ஒண்ணு, கட்டில்லயே இருக்கும். வீடு ஆத்தங்கரை ஓரத்துல.

ராவியத்துக்கு ஒரு பழக்கம். விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு முசல்லாப் பாயை விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, அல்லாஹ்வோட அழகான பேர் தொண்ணூத்தொம்பதையும் சொல்லி முடிச்சுருவா. எப்படிச் சொல்லுவா தெரியுமா? யா ரஹ்மான், யா ரஹீம், யா மலிக், யா குத்தூஸ்னு ஓலைக் கூரை மேல மழை விழுற மாதிரி சடசடசடன்னு. வாய் சொல்லிக்கிட்டே இருக்கும், மனசு அடுப்புல என்ன ஏத்தலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும். சொல்லி முடிச்சதும் முசல்லாவை மடிச்சு வச்சுட்டு வேலையைப் பாக்கப் போயிருவா.

அப்புறம் ஒரு ஐப்பசி மாசம். ஆம்பளைங்க எல்லாம் படகெடுத்துக்கிட்டு தூரக் கடலுக்குத் தங்கலுக்குப் போனாங்க. கடல்லயே தங்கி மீன் பிடிச்சுட்டு, சில நாள் கழிச்சுத்தான் வருவாங்க. அவங்க போனப்புறம் தெக்கத்திக் காத்து ஒண்ணு கிளம்புச்சு. உஷ்ஷ்ஷ், உஷ்ஷ்ஷ்னு ராவும் பகலும் அடிக்குது. அலை மணலை வாரி வாரி ஆத்து வாயில கொட்டுது. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆத்து வாயைக் காணோம். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், நடுவுல படுத்துக் கிடக்கு ஒரு பெரிய மணல் திட்டு. வாய் மூடிக்கிச்சு.

அப்போ மலையில மழை பேஞ்சுது. தண்ணி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. போறதுக்கு வழி இல்ல. ஆறு ஏறுது. முதல்ல படித்துறை முங்குச்சு, அப்புறம் தென்னை மரத்துத் தூரு முங்குச்சு.

அன்னைக்குத்தான் படகெல்லாம் திரும்பி வந்துச்சு. கரையில நின்னு பாத்தா பாய் தெரியுது. கிட்ட வந்துச்சு, நின்னுருச்சு. உள்ள வர வழி எங்க? அலைக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டுக்கிட்டு, ஏறுது இறங்குது, ஏறுது இறங்குது. மேல வானம் கறுத்துக்கிட்டு வருது. பெரிய காத்து வந்தா நங்கூரம் தாங்காது. கரையில இருக்குற எல்லாருக்கும் அது தெரியும்.

ஊர்ல மிச்சம் இருந்தது பொம்பளைங்களும் வயசானவங்களும்தான். சீனி லெப்பைன்னு ஒரு பெரியவரு, ஒரு காலத்துல படகு ஓட்டுனவரு. அவரு, இது மனுசக் கையில ஆகுற காரியம் இல்ல, ஆறு நெறஞ்சா தன்னால ஒடைச்சுக்கிட்டுப் போகும்னு சொன்னாரு. ராவியத்து கேட்டா, "நெறஞ்சா நம்ம வீடுதானே மாமா முதல்ல முங்கும்?"

அப்போ ராவியத்து வீட்டுக்குப் போயி மம்மட்டியை எடுத்தா. அவ தெருப் பொம்பளைங்களும் மம்மட்டி, கடகம், தேங்கா சிரட்டைன்னு கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு வந்தாங்க. மணல் திட்டு மேல ஏறி நின்னு ராவியத்து கை ஏந்துனா. தொண்ணூத்தொம்பது பேரும் நாக்கு நுனியில நிக்குது. ஆனா அன்னைக்கு சடசடன்னு சொல்ல வரல. ஒவ்வொரு பேரா மனசுல எடுத்துப் பாத்தா. அதுல ஒரு பேரு வந்து நின்னுச்சு. ஃபத்தாஹ். தொறந்து விடுறவன். பூட்டிக் கிடக்குற எதையும் தொறக்குறவன்.

"யா ஃபத்தாஹ், இந்த ஆத்து வாயைத் தொறந்து விடு."

சொல்லிட்டு ஒரு போடு போட்டா. சரக், சரக், சரக். பழைய வாய் எங்க இருந்துச்சோ அங்கேயே, கடல் பக்கமா இருந்து வெட்டுனாங்க. காலையில தொடங்கி மத்தியானம் லுஹர் வரைக்கும் வெட்டுனாங்க. ஆளு இடுப்பு ஆழம் வந்துருச்சு. அப்போ ஒரு அலை வந்துச்சு. தடால்! பள்ளத்துல பாதியை மூடிருச்சு. இன்னொண்ணு வந்துச்சு, தடால்! மிச்சத்தையும் மூடிருச்சு. வெட்டுன எடமே தெரியல.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. ராவியத்து மட்டும் மணல்ல உக்காந்தா. அவளுக்குக் கோவம் கோவமா வந்துச்சு. தொறக்குறவன்னு பேரு வச்சுக்கிட்டு தொறக்கலையேன்னு நெனைச்சா. அப்படி நெனைச்சதுக்கு அவளுக்கே பயமாவும் இருந்துச்சு, ஆனா நெனைச்சது நெனைச்சதுதான். வீட்டுக்கு வந்தா மாமி கேட்டுச்சு, என்ன மகளே ஆச்சுன்னு. மூடிருச்சு மாமின்னு சொல்லிட்டு, வாசப்படிக்குக் கீழ வந்து நிக்கிற தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ தலையில மணல் ஒட்டியிருந்துச்சு, மாமி அதை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுச்சு.

மறுநாள் சுபுஹு தொழுதா. கோவம் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. தொற, தொறன்னு கேட்டோம். எங்க வெட்டணும்னு நமக்குத் தெரியுமா? பழைய எடம்னு நாமளாத்தானே போயி வெட்டுனோம்? அவனை ஒரு வார்த்தை கேக்கலையே? அன்னைக்கு அவ மனசுல வேற பேரு வந்துச்சு. ஹாதி. வழி காட்டுறவன்.

"யா ஹாதி, எனக்கு எடம் தெரியல. நீ காட்டு."

கேட்டுட்டு மணல் திட்டு மேல நடந்தா. ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் நடந்தா. வெறும் மணல்தான். நண்டு ஓடுது, நாரை நிக்குது, வேற ஒண்ணும் காட்டல. அப்போ தூரத்துல ஒரு பொம்பளை உக்காந்துருக்கா. கிட்டப் போனா, அது சவேரியம்மா.

சவேரியம்மா யாருன்னா, மாதா கோயில் தெருக்காரி. கருவாடு காயப் போடுறவ. கரையில ஒரே எடத்துல இவ வலை விரிக்கணும், அவ கருவாடு காயப் போடணும். அதுல ஒரு நாள் வாய்த் தகராறு ஆகி, ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. எதிர்ல வந்தா இவ இந்தப் பக்கம் திரும்பிக்குவா, அவ அந்தப் பக்கம் திரும்பிக்குவா. இப்போ சவேரியம்மாவோட ஒத்தை மகன் இன்னாசியும் படகுல நிக்கிறான். பாவம், மகன் நிக்கிற படகையே பாத்துக்கிட்டு வெறும் மணல்ல உக்காந்துருக்கா.

ராவியத்தைப் பாத்ததும் சவேரியம்மா விருட்டுன்னு எந்திரிச்சா. முகத்தைத் திருப்பிக்கிட்டு நடந்தா. அப்போ ராவியத்து பாத்தா, அவ சேலைக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய ஈரம்.

சிரிக்கிறியா? சிரி, சிரி. ராவியத்துக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. ராவுல மழை இல்ல. மணல் திட்டு முழுக்கக் காஞ்சு கிடக்கு. இவ உக்காந்த எடம் மட்டும் எப்படி ஈரம்? ஓடிப் போயி அந்த எடத்துல கையால தோண்டுனா. ஒரு முழம் போகலை, தண்ணி ஊறுது. நாக்குல வச்சுப் பாத்தா கரிக்கல. ஆத்துத் தண்ணி! மணலுக்கு அடியில ஆறு அந்த எடத்துலதான் முட்டிக்கிட்டு, கசிஞ்சுக்கிட்டு நிக்குது.

இப்ப அவ கூப்பிட்டாகணும். ஒரு வருசத்துக்கு மேல மூடிக் கிடந்த வாய். தொறந்து, "அக்கா"ன்னா. சவேரியம்மா நின்னா, திரும்பல. "அக்கா, வழி இங்கதான் இருக்கு. உன் தெருவுல எத்தனை மம்மட்டி இருக்கு?"

அப்புறம் என்ன? ரெண்டு தெருவும் இறங்கிருச்சு. சரக், சரக், சரக். கடகத்துல மணலை அள்ளி, கைக்குக் கை மாத்தி மாத்திக் கொட்டுனாங்க. சீனி லெப்பையும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்துட்டாரு, தன்னால முடிஞ்ச மட்டும் மணலைத் தள்ளுனாரு. கடல் பக்கத்துல இருந்து ஆத்துப் பக்கம் வரைக்கும் நீளமா ஒரு வாய்க்கா. ஆத்து ஓரத்துல ஒரு சின்ன மணல் வரப்பு மட்டும்தான் மிச்சம். ராவியத்துக்குப் பொறுக்கல. ஒரே வெட்டு. வரப்பை ஒடைச்சு விட்டுட்டா. சலசலசலன்னு தண்ணி ஓடுச்சு. எல்லாரும் குலவை போட்டாங்க.

ஆனா அப்போ கடல் ஏறுற நேரம். ஆத்துத் தண்ணி பாதி வாய்க்கா போறதுக்குள்ள, எதிர்ல இருந்து அலை வந்து முட்டுச்சு. தடால்! தண்ணியைத் திருப்பித் தள்ளி, மணலையும் கொண்டாந்து கொட்டிருச்சு. மறுபடியும் மூடிக்கிச்சு.

ம்?

ம்.

ரெண்டாவது தடவையும் போச்சு. ஆனா இந்தத் தடவை ராவியத்துக்குக் கோவம் வரல. எடம் சரிதான், நேரந்தான் தப்புன்னு அவளுக்குப் புரிஞ்சுது. கடல் ஏறும், கடல் வத்தும். நல்லா வத்துற நேரத்துல வெட்டுனா ஆறு கீழ இருக்குற கடலுக்குள்ள குதிச்சு ஓடிரும். அது நாளைக்குச் சாயங்காலம், அஸருக்குப் பக்கத்துலன்னு சவேரியம்மா சொன்னா. சீனி லெப்பையும் ஆமான்னாரு. அதுவரைக்கும் வாய்க்காலை மறுபடி தோண்டி ஆழமாக்கணும், ஆனா வரப்பைத் தொடக் கூடாது.

மூணாவது நாள். சுபுஹுல அவ கேட்ட பேரு என்ன தெரியுமா? ஸபூர். பொறுமைக்காரன்.

"யா ஸபூர், என் கையைப் பிடிச்சுக்க. நேரம் வர்ற வரைக்கும் என்னை வெட்ட விடாத."

வெட்டுறதை விடக் கஷ்டம் எது தெரியுமா ஜன்னத்து? வெட்டாம இருக்குறதுதான். வாய்க்கா தோண்டி முடிஞ்சுது. ராவியத்து போயி அந்த வரப்பு மேல உக்காந்துக்கிட்டா, யாரும் அவசரப்பட்டு ஒடைச்சுறக் கூடாதுன்னு. காத்து ஏறுது. மழை பொட்டுப் பொட்டுன்னு விழுது. லுஹர் ஆச்சு. தெருவுல இருந்து ஆளு ஓடி வந்து, ராவியத்து, உன் வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு, உன் மாமியைக் கட்டிலோட தூக்கிப் பள்ளிவாசல் மேட்டுல வச்சுருக்கோம்னு சொல்லுது. அவ எந்திரிக்கல. வெட்டு, வெட்டுன்னு எல்லாரும் சத்தம் போடுறாங்க. அவ எந்திரிக்கல.

அப்போ கடல்ல ஒரு படகோட நங்கூரக் கயிறு அந்துருச்சு. டப்புன்னு அந்தது கரைக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு. படகு சுத்துது. அலை அதைக் கரைப் பக்கமா இழுத்துக்கிட்டு வருது. கிட்ட வந்தா கவுந்துரும். அது எந்தப் படகுன்னு நினைக்கிற? இன்னாசி இருக்குற படகு.

சவேரியம்மா ஓடி வந்தா. மம்மட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுருக்கா. முகத்துல ரத்தமே இல்ல. "எந்திரி, ராவியத்து. என் பிள்ளை போயிருவான். எந்திரி"ன்னா.

ராவியத்து வரப்பை விட்டு அசையல. "அக்கா, இப்ப வெட்டுனா நேத்து மாதிரி மூடிக்கும். இன்னொரு தடவை வெட்ட நமக்கு நேரம் இல்ல. என் மாப்பிள்ளையும் அந்தப் படகுலதான் அக்கா இருக்காரு."

சவேரியம்மா திரும்பிப் படகைப் பாத்தா. அப்புறம் மம்மட்டியைக் கீழ போட்டுட்டு, அவ பக்கத்துல, அதே வரப்பு மேல உக்காந்தா. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டாங்க. இவ யா ஸபூர், யா ஸபூர்ங்கிறா. அவ மாதாவேங்கிறா. படகு சுத்திக்கிட்டு வருது. ரெண்டு பேரும் கண்ணை மூடல, பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அப்போ சீனி லெப்பை கத்துனாரு, கடல் வத்துது, கடல் வத்துதுன்னு. பாத்தா, அலை இறங்குன எடத்துல ஈர மணல் பளபளன்னு தெரியுது. தெரியத் தெரிய இன்னும் அகலமாகுது.

ராவியத்து எந்திரிச்சா. மம்மட்டியை ஓங்குனா.

"யா ஃபத்தாஹ்!"

இப்போ அவ மட்டும் சொல்லல. ஒரு தெருவே சொல்லுச்சு. பக்கத்துல சவேரியம்மாவும் வெட்டுறா. சரக்! ஒரு விரக்கடை தண்ணி போச்சு. சரக்! ஒரு சாண் போச்சு. அப்புறம் வெட்ட வேண்டியதே இல்லாமப் போச்சு. தண்ணியே மணலைக் கரைச்சுக்கிட்டுப் போகுது. குபுகுபுகுபுகுபு... கதவகலம் ஆச்சு, தெருவகலம் ஆச்சு. ஹோன்னு ஒரு சத்தம். ஆறு முழுசும் கடலைப் பாத்து ஓடுது.

அந்த வேகத்துல ராவியத்து நின்ன கரை பொத்துன்னு சரிஞ்சுருச்சு. தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள விழுந்துட்டா. ஆறு அவளை உருட்டிக்கிட்டுப் போகுது. மூக்குலயும் மணல், வாயிலயும் மணல். எந்தப் பேரும் சொல்ல வரல அவளுக்கு. சவேரியம்மா பாத்தா. ஒரே தாவு. கழுத்தளவு தண்ணியில நின்னு இவ துப்பட்டியை ஒரு கையால பிடிச்சா, இவ முடியை இன்னொரு கையால பிடிச்சா. அவ சேலையை ஒருத்தி பிடிச்சா, அவளை இன்னொருத்தி பிடிச்சா. அப்படியே சங்கிலி மாதிரி இழுத்துக் கரையில போட்டாங்க. இருமி இருமித் தண்ணியைத் துப்புனா ராவியத்து. துப்பிட்டு முதல்ல கேட்டது, படகு எங்கன்னுதான்.

படகா? கரையை முட்ட வந்த படகு, இன்னும் ஒரு அலை வந்தா கவுந்துருக்கும். அப்போ ஆத்துத் தண்ணி சீறிக்கிட்டுப் போச்சுல்ல, அது போயி அந்தப் படகைப் பிடிச்சு, போ அந்தப் பக்கம்னு ஆழத்துக்குத் தள்ளிருச்சு. கரையில இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க. மெதுவாக் கையால தள்ளி விட்ட மாதிரி இருந்துச்சாம்.

அப்புறம் ஆறு வடிஞ்சுது. கடல் மறுபடி ஏற ஆரம்பிச்சதும் ஓட்டத்தோட வேகம் தணிஞ்சு போச்சு. அப்போ ஒவ்வொரு படகா, ஏத்தத் தண்ணியோட, புது வாய் வழியா உள்ள வந்துச்சு. ஒண்ணு வந்துச்சு, ரெண்டு வந்துச்சு, கடைசியா கயிறு அறுந்த அந்தப் படகும் ஆடி ஆடி வந்துச்சு. அது உள்ள நுழைஞ்சப்புறம்தான் மேற்கால இருந்து பெருங்காத்து அடிச்சுது. எல்லாப் படகும் அப்போ ஆத்துக்குள்ள, தொட்டில்ல கிடக்குற பிள்ளை மாதிரி கிடந்துச்சு.

இன்னாசி தண்ணியில குதிச்சு வந்தான். சவேரியம்மா அவனைக் கட்டிப் பிடிக்கலையாம், முதுகுல ஒரு அடி வச்சாளாம். அடிச்சுட்டு அழுதாளாம்.

கலந்தர் மீரான் இறங்கி வந்து ராவியத்தைப் பாத்தாரு. தலையெல்லாம் மணல், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உம்மா எங்கன்னு மட்டும் கேட்டாரு. பள்ளிவாசல் மேட்டுல நல்லா இருக்காங்கன்னா. ரெண்டு பேரும் நடந்தாங்க. கட்டில்ல இருந்த மாமி மகனைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு, அப்புறம் மருமகளை இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சுக்கிச்சு.

அப்போ பொழுது சாஞ்சு மஃரிபுக்கு பாங்கு சொன்னாங்க. தொழுது முடிச்சு ராவியத்து கை ஏந்துனா. உள்ளங்கை ரெண்டும் கொப்புளம் ஒடைஞ்சு, எரியுது. விரலைச் சேக்கவே முடியல. அப்படியே விரிச்சு வச்சுக்கிட்டா. எந்தப் பேரைச் சொல்லிக் கேக்கலாம்னு மனசுல தேடிப் பாத்தா. தொறக்கணுமா? தொறந்தாச்சு. வழி காட்டணுமா? காட்டியாச்சு. கேக்குறதுக்கு அவகிட்ட ஒண்ணுமே இல்ல. கண்ணுல தண்ணி வழியுது, கையை மட்டும் இறக்க மனசு வரல. வேற ஒண்ணும் தெரியாம, "யா அல்லாஹ்"ன்னா. ரொம்ப மெதுவா, பக்கத்துல உக்காந்துருக்குற ஆளைக் கூப்பிடுற மாதிரி.

அவ்வளவுதான்.

ம்?

ம் வரலையே. ஜன்னத்து... சரி, சரி. படகெல்லாம் கரை சேந்துருச்சு, கதையும் கரை சேந்துருச்சு. பிஸ்மில்லாஹ் சொல்லி உன்னைப் போத்தி விட்டாச்சு. நல்லாத் தூங்கு, கண்ணு.